மாடித்தோட்டமா, மாடியில ஒரு கடையா?

இந்தப் பதிவு கொஞ்சம் காரமா இருக்கும். மாடித்தோட்டம் வச்சிருக்கவங்க, வைக்கப் போறவங்க, போன வருஷம் வச்சுட்டு இந்த வருஷம் பைகளை மடிச்சு தண்ணித் தொட்டிக்கு அடியில சொருகினவங்க, எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதறேன். கோபம் வந்தா கீழே திட்டுங்க. ஆனா முழுசா படிச்சுட்டுத் திட்டுங்க.

நகரத்துல ஒருத்தருக்கு வீட்டுத்தோட்டம் போடணும்னு ஆசை வந்தா முதல்ல என்ன செய்யறார்? மண்ணைத் தேடறாரா? விதையைத் தேடறாரா? போனைத் தேடறார். அதுல ரெண்டு வீடியோ பார்க்கறார். மூணாவது வீடியோவுக்குள்ள ஆர்டர் போயாச்சு. வளர்ப்புப் பை, தென்னை நார்க் கட்டி, மண்புழு உரம், இரும்பு ஸ்டாண்டு, பச்சை நிழல்வலை, கலர் கலரா விதை பாக்கெட்டு, பஞ்சகவ்யா பாட்டில், கைக்கு உறை, தலைக்குத் தொப்பி. ஒரு விதையும் இன்னும் மண்ணைத் தொடலை. ஆனா பாதித் தோட்டம் முடிஞ்ச மாதிரி மனசுல ஒரு திருப்தி.

இதைத்தான் நான் தோட்டம்னு ஒத்துக்க மாட்டேங்கறேன். இது மாடியில நடத்தற ஷாப்பிங். சிக்கனம் இல்லாத வீட்டுத்தோட்டம் ஒரு வருஷத்துக்கு மேல தாங்காது, தாங்கினாலும் அது உங்களுக்கு எதையும் கத்துக்கொடுக்காது. இதுதான் இந்தப் பதிவோட சாரம். மீதியெல்லாம் அதுக்கு விளக்கம்.

ஒரு கணக்கு போடுவோம்

பேச்சுக்கு ஒரு மாடி. இருபது பை, ஒண்ணு 60 ரூபாய்னா 1,200. தென்னை நார்க் கட்டி ஆறு, ஒண்ணு 200னு 1,200. மண்புழு உரம் 50 கிலோ, கிலோ 15 ரூபாய்னு 750. நிழல்வலை 2,000. ஸ்டாண்டு 4,000. பூச்சிவிரட்டி, டானிக் வகையறா 600. விதை பத்து பாக்கெட்டு 400. தெளிப்பான் 400. கைக்கருவி செட்டு 500. கூட்டினா 11,050 ரூபாய். விலை இடத்துக்கு இடம் மாறும், உங்க பில்லை எடுத்து நீங்களே கூட்டிப் பாருங்க.

முதல் வருஷம், புதுக்கை, சென்னை வெயில். தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், கீரை எல்லாம் சேர்த்து முப்பது கிலோ எடுத்தீங்கன்னு தாராளமாவே வச்சுக்குவோம். கிலோ 368 ரூபாய் விழுது. அந்தத் தக்காளியைப் போட்டோ எடுத்து, "நஞ்சில்லாத உணவு, எங்க வீட்டு விளைச்சல்"னு போடறீங்க. போடுங்க, சந்தோஷம்தான். அதே நாள் சாயங்காலம் தெருமுனையில கீரைக்கார அம்மாகிட்ட போய், "என்னம்மா ஒரு கட்டு பதினஞ்சா? பத்துக்குக் குடு"ன்னு நிக்கறீங்களே, அங்கதான் எனக்கு வயிறு எரியுது.

"முதலீடு முதல் வருஷம் மட்டும்தானே, அடுத்த வருஷம் செலவு குறையுமே"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஆனா நான் பார்த்த மாடிகள்ல பாதிக்கு ரெண்டாவது வருஷம்னு ஒண்ணு வர்றதே இல்லை. மாவுப்பூச்சி வரும். ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்தா எல்லாம் காஞ்சிருக்கும். மலிவான பை ரெண்டு வெயில்ல நொறுங்கும். காசு கொடுத்து வாங்கினதால ஒவ்வொரு பிரச்சினைக்கும் இன்னொரு பாட்டில் வாங்கத்தான் தோணும். செடி ஏன் வாடுதுன்னு உத்துப் பார்க்கத் தோணாது. கடைசியில "நமக்குக் கை ராசி இல்லை"ன்னு விட்டுடுவாங்க. ராசி எல்லாம் இருக்குங்க. நாம கவனத்தைக் கொடுக்க வேண்டிய இடத்துல பணத்தைக் கொடுத்தோம், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயமும் சொல்லிடறேன். அந்தத் தென்னை நார்க் கழிவு, ஒரு காலத்துல பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்லுங்களுக்கு வெளியே மலை மலையா குவிஞ்சு கிடந்த குப்பை. இப்ப அதைக் கழுவி, அமுக்கி, அஞ்சு கிலோ கட்டியா விக்கறாங்க. நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லலை. ஈரத்தை நல்லா பிடிச்சு வைக்கும், எடை குறைவு. ஆனா அதுல செடிக்குச் சாப்பாடு கிட்டத்தட்ட எதுவும் கிடையாது. சரியா கழுவாத கட்டின்னா உப்பு வேற இருக்கும். வெறும் நார்லயே செடியை வச்சுட்டு, "இலை மஞ்சளாவுதே, என்ன மருந்து அடிக்கலாம்"னு கேக்கறாங்க. பசிக்கு மருந்து ஏதுங்க?

காசில்லாம எப்படி?

திட்டிட்டு மட்டும் போனா அது நல்லா இருக்காது. எப்படிச் செய்யலாம்னும் சொல்லணும்.

பாத்திரத்துல இருந்து ஆரம்பிப்போம். வீட்டுக்கு வெள்ளையடிச்ச இருபது லிட்டர் பெயிண்டு வாளி, விரிசல் விட்ட தண்ணி கேன், மீன் கடையில தூக்கிப் போடற தெர்மாகோல் பெட்டி, அரிசிச் சாக்கு, பிடி உடைஞ்ச குடம். இதுல எதுலயும் செடி வரும். கீரைக்கு அரை அடி ஆழம் போதும், அகலம்தான் முக்கியம். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு ஒரு அடி ஆழம் வேணும். அடியில நாலஞ்சு ஓட்டை கட்டாயம். ஓட்டை மேல ஒரு ஓட்டுச் சில்லு வச்சா மண் அடைக்காது. தண்ணியில கரையற பெயிண்டு வாளின்னா நல்லா தேய்ச்சுக் கழுவினா போதும். கதவுக்கும் கம்பிக்கும் அடிக்கற எனாமல் பெயிண்டு டப்பா, பூச்சிமருந்து கேன், ஆயில் கேன் இதெல்லாம் வேண்டவே வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் வேண்டாம்.

அடுத்து மண். நர்சரியில ஒரு மூட்டை செம்மண் வாங்கிக்குங்க, அது மட்டும்தான் கட்டாயச் செலவு. செம்மண் ஒரு பங்கு, மக்கின உரம் ஒரு பங்கு, காஞ்ச இலைச்சருகோ நார்க்கழிவோ ஒரு பங்கு. வெறும் மண்ணை நிரப்பாதீங்க. ஈரமண் நிறைஞ்ச இருபது லிட்டர் வாளி முப்பது கிலோ வரைக்கும் வரும். இருபது வாளின்னா அறுநூறு கிலோ. அதை மாடி நடுவுல குவிச்சு வைக்காம, சுவர் ஓரமா, கீழே தூண் உத்திரம் ஓடற இடமா பார்த்து வைங்க.

உரத்துக்கு உங்க சமையக்கட்டே போதும். பழைய டிரம்முல பக்கவாட்டுல ஓட்டை போட்டு, ஒரு கை காய்கறிக் கழிவுக்கு ரெண்டு கை காஞ்ச சருகு போட்டுட்டு வாங்க. சருகு குறைஞ்சாத்தான் நாறும், புழு வைக்கும். ரெண்டு மூணு மாசத்துல கறுப்பா, மழை பெஞ்ச மண்ணு வாசனையோட உரம் ரெடி. நகரத்துல தெருவுல கூட்டிக் கொளுத்தற இலையை ஒரு மூட்டை கேட்டு வாங்கிக்குங்க. எங்க ஊர்ல அதுக்காக வேலியோரம் அலையறோம், நீங்க காசு கொடுத்து உரம் வாங்கிட்டு, இலைக்குத் தீ வைக்கறீங்க.

விதையும் வீட்டுலயே இருக்கு. அஞ்சறைப்பெட்டியைத் திறங்க. வெந்தயம் தூவினா மூணு நாலு வாரத்துல கீரை. தனியாவை லேசா தேய்ச்சு ரெண்டா உடைச்சுப் போட்டா கொத்தமல்லி. மிளகாய் வத்தல்ல இருந்து விதை. புதினாவும் பொன்னாங்கண்ணியும் கடையில வாங்கற கட்டுலயே இருக்கு, இலையை ஆஞ்சுட்டு முத்தின தண்டைச் சொருகினா துளிர்க்கும். கொடிப்பசலை, கற்பூரவல்லி, தவசிக்கீரை எல்லாம் பக்கத்து வீட்டுல ஒரு கிள்ளு கேட்டா கிடைக்கும். கேக்கறதுக்குக் கூச்சமா? அந்தக் கூச்சத்துக்கு நீங்க கொடுக்கற விலைதான் விதை பாக்கெட்டு.

கடைத் தக்காளியில இருந்து விதை எடுத்தா வருமான்னு நிறைய பேர் கேக்கறீங்க. முளைக்கும், காய்க்கவும் காய்க்கும். ஆனா கடைக்கு வர்றது பெரும்பாலும் ஒட்டு வீரிய ரகம். அதோட பிள்ளைங்க அப்பா அம்மா மாதிரியே இருக்காது. ஒண்ணு பெருசா, ஒண்ணு சின்னதா, ஒண்ணு நாள் கழிச்சுக் காய்க்கும். வியாபாரத்துக்கு அது ஒத்துவராது. வீட்டுச் சாம்பாருக்கு என்னங்க கெட்டுப்போச்சு? நாட்டு ரகம் கிடைச்சா அதுல நல்லா காய்ச்ச ஒரு செடியை விதைக்கு விடுங்க. அடுத்த வருஷத்துல இருந்து விதைக்குக் காசே கிடையாது.

பூச்சிக்கு, ஒரு லிட்டர் தண்ணிக்கு அஞ்சு மில்லி வேப்பெண்ணெய், கரையறதுக்குக் கொஞ்சம் காதி சோப்பு. சாயங்காலமா இலைக்கு அடியில அடிங்க. அதுக்கும் முன்னாடி, தினமும் காலையில இலையைத் திருப்பிப் பாருங்க. நாலு பூச்சி இருக்கும்போது விரலாலயே நசுக்கிடலாம். நாலாயிரம் ஆனப்புறம்தான் பாட்டில் தேட வேண்டியிருக்கு.

தண்ணி விஷயத்துல ஒரு எச்சரிக்கை. ஏசியில சொட்டற தண்ணியில உப்பு கிடையாது, தாராளமா ஊத்தலாம். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளற தண்ணியில உப்பு அதிகம், தினமும் அதையே ஊத்தினா தொட்டி மண்ணுல உப்பு ஏறிடும். அதைத் தரை துடைக்க வச்சுக்குங்க. அரிசி கழுவின தண்ணி எப்பவும் நல்லது.

இப்படி ஆரம்பிச்சா பத்து வாளித் தோட்டம் ஆயிரம் ரூபாய்க்குள்ள முடியும். தோத்தாலும் மனசு வலிக்காது. வலிக்கலைன்னா திரும்ப விதைப்பீங்க. விவசாயத்துல ஜெயிக்கற ரகசியம் திரும்ப விதைக்கறதுதான், வேற ஒண்ணும் இல்லை.

சந்தைக்குப் போங்க, பிள்ளைகளோட

மேல சொன்ன வாளி, டிரம், பூவாளி எல்லாம் எங்க கிடைக்கும்? காயலான் கடையில கிடைக்கும். அதைவிட நல்ல இடம் சந்தை.

சென்னைக்காரங்களுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை இருக்கு. நூறு வருஷத்துக்கு மேல நடக்கற சந்தை. ரயில்ல இறங்கி நடக்கற தூரம். மாட்டுச் சந்தையா ஆரம்பிச்சதுன்னு பெரியவங்க சொல்வாங்க. இன்னிக்கு அங்க பழைய குழாயும் கிடைக்கும், பழைய கட்டிலும் கிடைக்கும், வண்டி வண்டியா செடியும், மண்தொட்டியும், காய்கறியும் கிடைக்கும். மூர் மார்க்கெட் 1985ல எரிஞ்சு போச்சு. பழையதைத் தேடிப் போற பழக்கம் எரிஞ்சு போகலை, அது இந்த மாதிரி இடங்கள்ல உயிரோட இருக்கு. பாண்டிச்சேரியில ஞாயித்துக்கிழமை காந்தி வீதி முழுக்கச் சந்தை. மத்த ஊர்கள்லயும் வாரத்துக்கு ஒரு நாள் சந்தை கூடாத இடம் குறைவு.

போன மே மாச லீவுல எங்க வீடும், தாம்பரம் பக்கம் இருக்கற என் தங்கச்சி வீடும் சேர்ந்து பல்லாவரம் போனோம். நாங்க உத்திரமேரூர் பக்கத்துல இருந்து செங்கல்பட்டு வந்து அங்கிருந்து ரயில். பிள்ளைங்க ரெண்டு பேர் கையிலயும் ஆளுக்கு நூறு ரூபாய். ஒரே ஒரு சட்டம்தான், தோட்டத்துக்கு உதவற பொருளா வாங்கணும், பேரத்தை அவங்களே பேசணும்.

தங்கச்சி பொண்ணு ஆறாவது படிக்குது. அடியில ஓட்டை விழுந்த ஒரு பழைய அலுமினிய அண்டாவைப் பிடிச்சுது. கடைக்காரர் நூத்தி இருபது சொன்னார். "ஓட்டை இருக்கே அண்ணா, அறுபதுக்குக் குடுங்க"ன்னுது. "ஓட்டை இருக்கறதாலதான் பாப்பா இந்த விலை, இல்லைன்னா முந்நூறு"ன்னார். "எனக்கு ஓட்டை வேணும்தான், செடி வைக்கப் போறேன்"னு உண்மையைச் சொல்லிடுச்சு. அவர் சிரிச்சுட்டு, "அப்படின்னா ஓட்டைக்குத் தனியா காசு குடு"ன்னார். கடைசியில எண்பதுக்கு முடிஞ்சுது. மிச்சம் இருபதுக்கு ரெண்டு மிளகாய் நாத்து. என் பையன் ஒரு பழைய சைக்கிள் பெல்லை வாங்கிட்டு வந்து நிக்கறான். "தோட்டத்துக்கு இது எதுக்குடா?"ன்னு கேட்டா, "தண்ணி ஊத்த அம்மாவைக் கூப்பிடறதுக்கு"ங்கறான். என் வீட்டுக்காரி என்னை ஒரு பார்வை பார்த்து, "சந்தேகமே இல்லை, உங்க பிள்ளைதான்"னா.

அந்த அண்டாவுல இப்ப அரைக்கீரை வெட்ட வெட்ட வருதாம். தங்கச்சி சொல்லுது, பொண்ணு வேற எந்தச் செடிக்கும் தண்ணி ஊத்த மறந்துடும், அந்த அண்டாவுக்கு மறக்காதாம். அவ பேரம் பேசி வாங்கினது இல்லையா!

ஒரு மால்ல இதைக் கத்துக்கொடுக்க முடியுமா? அங்க எல்லாம் புதுசு, எல்லாத்துலயும் விலை ஒட்டியிருக்கும், பேசறதுக்கு ஒண்ணும் கிடையாது. கார்டைத் தேய்க்கறதைத் தவிர பிள்ளைக்கு அங்க பார்க்க என்ன இருக்கு? சந்தையில ஒரு பொருளுக்கு ரெண்டாவது ஆயுசு இருக்குன்னு பிள்ளை கண்ணால பார்க்குது. ஒருத்தர் தூக்கிப் போட்டதை ஒருத்தர் எடுத்து, துடைச்சு, சரிபண்ணி, வெயில்ல உக்காந்து வித்துச் சோறு திங்கறார்னு பார்க்குது. இதை எந்தப் பள்ளிக்கூடத்துல பாடமா வைப்பாங்க?

இப்ப நகரத்துல "ஃப்ளீ மார்க்கெட்"னு வேற ஒண்ணு நடத்தறாங்க. பெரிய ஹோட்டல் புல்வெளியில, உள்ளே போக டிக்கெட்டோட. உள்ளே இருக்கறது பூராவும் புதுப் பொருள். வாசனை மெழுகுவத்தி, கையால வரைஞ்ச குவளை, அறுநூறு ரூபாய்க்கு ஒரு உள்ளங்கை அளவுத் தொட்டியில ஒரு கள்ளிச்செடி. விக்கறவங்க பிழைப்பை நான் கெடுக்கலை. ஆனா அதுக்குப் பேரு கண்காட்சி. பழைய துணிக்கும் பழைய பாத்திரத்துக்கும் வெயில்ல கூவற ஜனத்தோட பேரை எடுத்து அதுக்கு ஒட்டாதீங்க.

சந்தைக்குப் போறவங்களுக்கு ரெண்டு மூணு விஷயம். பட்டியல் எழுதிட்டுப் போங்க, இல்லைன்னா மலிவா இருக்குன்னே வீட்டைக் குப்பையாக்கிடுவீங்க. ரயில்ல கையில தூக்கிட்டு வர முடியாததை வாங்காதீங்க. பில் இல்லாத செல்போன் பக்கம் போகாதீங்க. கூண்டுல பச்சைக்கிளி வச்சு யாராவது வித்தா வாங்கவே வாங்காதீங்க. நம்ம நாட்டுக் கிளியைப் பிடிக்கறதும் விக்கறதும் வளர்க்கறதும் 1972ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிள்ளைகளுக்கு அதையும் அங்கயே சொல்லிக்கொடுங்க.

எங்க பேரம் பேசலாம், எங்க பேசக்கூடாது

பேரம் பேசறது தப்பில்லை. பழைய குழாய்க்கு, அண்டாவுக்கு, நாற்காலிக்குத் தாராளமா பேசுங்க. அவர் ரெண்டு மடங்கு சொல்லித்தான் ஆரம்பிப்பார். இன்னிக்கு விக்கலைன்னா அடுத்த வெள்ளிக்கிழமை விப்பார். இரும்பு அழுகிப்போகாது.

கீரை அழுகிப்போகும். இதுதான் வித்தியாசம். எங்க ஊர்ல கீரை போடற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. விடியறதுக்கு முன்னாடி இருட்டுல பறிச்சு, கழுவி, கட்டு கட்டி, முதல் பஸ் பிடிச்சாகணும். மத்தியானத்துக்கு மேல அது வாடின இலை, மாட்டுக்குத்தான். இது வாங்கறவங்களுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் பதினோரு மணிக்குப் போய் பாதி விலைக்குக் கேக்கறாங்க. அழுகற பொருளை வச்சுட்டு உக்காந்திருக்கறவங்ககிட்ட பேசறதைப் பேரம்னு நான் சொல்ல மாட்டேன். அவங்க கழுத்துல ஏறி நிக்கறதுன்னுதான் சொல்வேன்.

தக்காளியையே எடுத்துக்குங்க. 2023 ஜூலையில கிலோ நூறைத் தாண்டினப்ப என்ன கூச்சல்! அரசாங்கமே ரேஷன் கடையில கிலோ 60 ரூபாய்க்கு வித்துச்சு. டிவி முழுக்கத் தக்காளி. அதே தக்காளி மண்டியில கிலோ ரெண்டு மூணு ரூபாய்க்கு இறங்கி, பறிகூலி கூட கட்டாம ரோட்டோரம் கொட்டிட்டு வர்ற நாள்ல எந்த டிவியும் வர்றதில்லை. விலை ஏறினா உங்க பிரச்சினை நாட்டுப் பிரச்சினை. இறங்கினா எங்க பிரச்சினை எங்க தலையெழுத்து.

அதனாலதான் நீங்க தோட்டம் போடணும்னு நான் ஆசைப்படறேன். சிலர் நினைக்கற மாதிரி மாடித்தோட்டம் எங்க வயித்துல அடிக்காது. நாலு வாளித் தக்காளியால எந்த மண்டியும் மூடப் போறதில்லை. விதை போட்டு, நாத்து பிடுங்கி நட்டு, பூ வச்சு, காய் பழுக்க மூணு மாசம் ஆவுதுன்னு உங்க கைக்குத் தெரியணும். ஒரே ராத்திரி மழையில பூ பூராவும் கொட்டறதைக் கண்ணால பார்க்கணும். அதுக்கப்புறம் கீரைக்கார அம்மாகிட்ட அஞ்சு ரூபாய்க்கு வாய் வராது. ஆனா எல்லாத்தையும் காசு கொடுத்துச் சரிபண்ற தோட்டத்துல இந்தப் பாடம் நடக்கவே நடக்காது. அங்க நீங்க வாடிக்கையாளர்தான், உழவர் இல்லை.

"எங்களால முடியுது, வாங்கறோம், உனக்கென்ன?"

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். உங்க காசு, உங்க மாடி, உண்மைதான். வயசானவங்க, குனிய முடியாதவங்க ஸ்டாண்டு வாங்கினா அது தேவை, அதை நான் பேசலை. தோட்டக்கலைத் துறை மானியத்துல கொடுக்கற கிட்டை வாங்கி ஆரம்பிச்சாலும் சரிதான், நல்ல தொடக்கம். நேரமே இல்லைன்னு சொல்றவங்களுக்கு ஒரே ஒரு வாளிக் கீரை போதும், காலையில காப்பித் தம்ளரோட நின்னு பார்க்கற நேரம் போதும்.

நான் கேக்கறது வேற. பிள்ளைங்க உங்களைப் பார்த்துத்தான் கத்துக்குது. ஆசை வந்தா வாங்கணும், பழுதானா தூக்கிப் போடணும், அலுத்தா விட்டுடணும்னு செடி விஷயத்துலயும் காட்டிக்கொடுத்தா, அது மண்ணைப் பத்தி என்ன கத்துக்கும்?

எங்க கிராமத்து ஜனத்துக்கும் ஒரு வார்த்தை. நகரத்துக்காரங்களை மட்டும் திட்டிட்டுத் தப்பிக்க முடியாது. முன்னெல்லாம் வீட்டுக்குப் பின்னால புறக்கடைன்னு ஒண்ணு இருக்கும். பாத்திரம் கழுவற தண்ணி ஓடற வழியில ரெண்டு வாழை, சேப்பங்கிழங்கு, கூரை மேல பூசணிக் கொடி, வேலியில அவரை. இப்ப புறக்கடைக்கு சிமெண்டு போட்டாச்சு. ரெண்டு ஏக்கர் நெல்லும் மல்லாட்டையும் போடற வீட்டுல கத்தரிக்காய்க்கு டெம்போ வண்டி ஹாரன் அடிக்கறதுக்குக் காத்துட்டு நிக்கறாங்க. அரை சென்ட் இடம் இருந்தும் ஒரு பச்சைமிளகாய்ச் செடி இல்லாத விவசாயி வீட்டைப் பார்த்தா, மாடியில பை வச்சிருக்கற நகரத்துக்காரர் எவ்வளவோ தேவலைன்னு தோணுது. உங்க காசு வீணானாலும் ஆசையாவது இருக்கு. இங்க ஆசையும் போயிடுச்சு.

ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்வாங்க. ஆடி பிறக்கறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமையோ, உங்க ஊர் சந்தை நாளோ பார்த்து, பிள்ளைகளைக் கூட்டிட்டு, ஆளுக்கு நூறு ரூபாய் கையில கொடுத்துப் போங்க. போனை வீட்டுலயே வச்சுட்டுப் போனா இன்னும் நல்லது. ஓட்டை வாளி ஒண்ணு, நாலு நாத்து, திரும்பி வரும்போது ரெண்டு கட்டு கீரை. கீரைக்கு மட்டும் அவங்க சொன்ன விலையைக் கொடுத்துட்டு வாங்க.

எரு மக்கலைன்னாலோ, விதை முளைக்கலைன்னாலோ இங்க எழுதிக் கேளுங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். எந்தப் பாட்டில் வாங்கலாம்னு மட்டும் கேக்காதீங்க.